தூய்மையும் ஒட்டுறவும்

தூய்மை என்னும் சொல்லைக் கேட்ட அளவில், அகற்றுதல் என்னும் பொருளே நம் மனத்தில் முதற்கண் எழுகிறது. அழுக்கை அகற்றுவது தூய்மை. கிருமியை அகற்றுவது தூய்மை. மருத்துவத் துறையில் வழங்கும் 'கிருமி நீக்கம்' என்னும் கலைச்சொல்லும் இக்கருத்தின் வழிப் பிறந்ததே. ஆயின், அகற்றும் செயல் கிருமியோடு நின்றுவிடுகிறதா? எப்பொருளின்மேல் அச்செயல் நிகழ்கிறதோ, அப்பொருள் முன்னிருந்தவாறே இருக்கிறதா? மாறியிருப்பின், அதனை உடலுக்குள் ஏற்கும் உயிரணுக்கள் அம்மாற்றத்தை அறியுமா?

இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது. அதன் பிற்பகுதியில் நம் சிங்கைக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வரலாற்றைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழுவத்தின் பெயரில் ஒரு தாய்மனை

இன்று தேக்கா எனப்படும் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடை வாணிகத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். அப்பெயரைத் தாங்கிய மருத்துவமனை 1924ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனையாக மலர்ந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே நிகழ்ந்த மகப்பேறுகள் 39,835. கின்னஸ் சாதனை நூலும் அதனைப் பதிவு செய்தது. சற்று வடக்கே, மோல்மீன் சாலையில், டான் டோக் செங் மருத்துவமனை 1909 முதல் இயங்கி வருகிறது. சிராங்கூன் சாலைத் தமிழர் தலைமுறை தலைமுறையாக இவ்விரு மருத்துவமனைகளுக்கிடையே வாழ்ந்து வந்தவர்கள் எனலாம்.

ஒரே கூரையின்கீழ் ஓராண்டில் நாற்பதாயிரம் தாய்மார் அச்சமின்றிப் பிள்ளை பெற இயன்றது எதனால்? காரணம் பலவாயினும் தூய்மை அவற்றுள் தலையாயது. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவமனையில், பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு இறப்பதைக் கண்டு வருந்திய செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மகப்பேறு பார்க்குமுன் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டும் என விதித்தார். இறப்புகள் பெரிதும் குறைந்தன. 1865இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்ணைக் காக்கும் முறையைத் தொடங்கினார். 1879இல் பிரான்சு நாட்டுச் சாம்பர்லான் நீராவி அழுத்தக் கலனை உருவாக்கினார். எஃகுக் கத்தியும் கண்ணாடிக் குடுவையும் அக்கலனுள் சென்று கிருமியற்று வெளிவந்தன.

கத்தி வேலை முடிந்ததும் உடலை விட்டு வெளியே வந்துவிடும். உடலுக்குள்ளேயே விட்டுவைக்கப்படும் பொருளின் நிலை வேறு. அதனைத் தூய்மை செய்யும்போதுதான் சிக்கல் தொடங்கியது.

ஆட்டுக்குடல் இழை கற்பித்த பாடம்

குருதிக் குழாய்களைக் கட்டவும் புண்ணைத் தைக்கவும் ஆட்டுக்குடலிலிருந்து திரித்த இழையை லிஸ்டர் எடுத்துக்கொண்டார். இவ்விழை உடலுக்குள் நாளடைவில் கரைந்துவிடும், பிரித்தெடுக்க வேண்டுவதில்லை. இதன் உட்பொருள் கொலாஜன் என்னும் புரதம். அதனை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தால் இழை இழையாக நில்லாது; எலும்புக் குழம்பில் காணும் பசைபோல் ஆகிவிடும். எனவே கொதிநீரும் நீராவியும் உதவா. லிஸ்டர் அதனைக் கார்பாலிக் அமிலம் கலந்த எண்ணெயில் ஊறவைத்து 1869இல் தம் முறையை வெளியிட்டார்.

1881ஆம் ஆண்டு இதில் ஒரு திருப்பம். எண்ணெயில் கரைந்த கார்பாலிக் அமிலம் கிருமி விதைகளைக் கொல்வதில்லை எனச் செர்மானிய அறிஞர் ராபர்ட் காக் காட்டினார். இழை கெடாமல் இருந்தது. ஆனால் கிருமி முற்றும் ஒழியவில்லை. அதே ஆண்டில் லிஸ்டர் குரோமிக் அமிலத்தில் பதப்படுத்திய இழையை விளக்கி உரையாற்றினார். அவ்விழை உடலுக்குள் நெடுநாள் கரையாமல் நின்றது. பதப்படுத்தும் முறை மாறியதும், அதே ஆட்டுக்குடல் உடலோடு கொள்ளும் உறவும் மாறிவிட்டது.

இங்கே இரு கடமைகள் ஒன்றோடொன்று மோதுவதைக் காண்கிறோம். கிருமி சாக வேண்டும்; பொருள் பிழைக்க வேண்டும். ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றை இழப்பது எளிது. பின்னர் வந்த முறைகள் அனைத்தும் இவ்விரு கடமைகளுக்கிடையே வழி தேடியவையே.

கதிரின் வரவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெகிழிப் பொருள்கள் மருத்துவமனைகளை நிறைத்தன. ஊசிக்குழல், குழாய், செயற்கை மூட்டு என அவை பெருகின. அவற்றுள் பல, நீராவிக் கலனின் 121 பாகை வெப்பத்தைத் தாங்கமாட்டா. எத்திலீன் ஆக்சைடு என்னும் வாயு ஒரு வழியைக் காட்டியது. அது குறைந்த வெப்பத்திலேயே கிருமியைக் கொல்லும். ஆனால் பொருளுக்குள் தங்கிவிட்டால் உயிரணுவுக்கும் நஞ்சாகும். ஆதலின் காற்றோட்டம் தந்து அதனை வெளியேற்றியாக வேண்டும். மற்றொரு வழி கதிரியக்கம். 1950களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் டான்டினோங் நகரில் கோபால்ட்டு-60 கொண்டு இயங்கும் காமாக்கதிர் நிலையம் அமைந்தது. இந்தியாவில் டிராம்பே அணு ஆய்வு மையம் 1974இல் மருத்துவப் பொருள்களுக்கான ஐசோமெட் நிலையத்தை நிறுவியது. மூடிய உறையைப் பிரிக்காமலேயே, வெப்பமின்றி, உள்ளிருக்கும் பொருளைக் காமாக்கதிர் தூய்மை செய்தது. இனிக் குறையில்லை என உலகம் எண்ணியது.

அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு உறுதிமிக்க பாலிஎத்திலீனைப் பயன்படுத்தத் தொடங்கினார். பல்லாயிரவர் மீண்டும் நடந்தனர். பிற்காலத்தில் இத்தகைய மூட்டுப் பகுதிகளைக் காற்று நிறைந்த உறையிலிட்டுக் காமாக்கதிரால் தூய்மை செய்வது வழக்கமாயிற்று. கதிர் நெகிழியின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே அறுத்தது. அறுந்த முனைகளோடு காற்றிலிருந்த ஆக்சிசன் சேர்ந்தது. உறைக்குள் அலமாரியில் இருந்தபடியே அப்பொருள் ஆண்டுதோறும் நலிந்தது. நலிந்த பொருள் உடலுக்குள் சென்றபின் தேய்ந்து துகளாயிற்று. அத்துகள்களை விழுங்க முயன்ற உயிரணுக்கள் எழுப்பிய அழற்சியால், மூட்டைத் தாங்கிய எலும்பே கரைந்தது. 1990களின் நடுப்பகுதியில்தான் உற்பத்தியாளர் காற்றை நீக்கிய உறைகளுக்கும் வேறு முறைகளுக்கும் மாறினர். கிருமியால் வந்த கேடன்று இது. கிருமியைக் கொன்ற முறையால் வந்த கேடு.

உயிரணு காண்பது எதனை?

மேற்கூறிய கேடு பொருள் முழுவதையும் தாக்கியது. அதனினும் நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. அது பொருளின் மேற்பரப்பில் மட்டும் நிகழ்வது. கண்ணுக்கும் கைக்கும் புலப்படாதது. உயிரணுவுக்கு மட்டுமே புலப்படுவது.

தாமரை இலைத் தண்ணீர் என்னும் தொடரைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். இலையின்மேல் நீர் பரவாது முத்தாகத் திரண்டு உருளும். பாலிஸ்டைரீன் என்னும் நெகிழித் தட்டும் இயல்பில் நீரை எளிதில் ஏற்பதில்லை. அதன்மேல் உயிரணுக்கள் நன்றாக ஒட்டுவதுமில்லை. மின்னேற்றிய வாயுவால் அதன் மேற்பரப்பை மாற்றினால் நீர் பரவுகிறது. உயிரணுக்களும் ஒட்டிப் படர்கின்றன. தட்டு அதேதான், அதன் மேனி மட்டுமே மாறியது.

ஒட்டுதல் எவ்வாறு நிகழ்கிறது? உடலுக்குள் வைத்த பொருளை முதலில் அடைவது உயிரணுவன்று. நீர் முதலில் வருகிறது. அடுத்து, நொடிப்பொழுதில், குருதியிலுள்ள புரதங்கள் அப்பரப்பில் படிகின்றன. ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் என்பன அவற்றுட் சில. பின்னரே உயிரணு வந்து, படிந்திருக்கும் புரதத்தைப் பற்றுகிறது. ஃபைப்ரோனெக்டினில் உயிரணு பற்றிக்கொள்ளும் இடம் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது என்பதை 1984இல் பியர்ஷ்பாக்கர், ரூஸ்லாத்தி ஆகியோர் கண்டுரைத்தனர். விருந்தினர் வீட்டுக்குள் நுழையுமுன் வாசற்கோலத்தைக் காண்பதுபோல, உயிரணு பொருளைக் காணுமுன் அதன்மேல் படிந்த புரதக் கோலத்தைக் காண்கிறது. மேற்பரப்பு மாறினால் படியும் புரதம் மாறும்; அல்லது அதே புரதம் பற்றும் இடத்தை மறைத்துக்கொண்டு வேறுவிதமாய்ப் படியும். வாசலை வெந்நீரால் கழுவிய கை, கோலத்தையும் கலைத்துவிடக்கூடும்.

டைட்டேனியம் இதற்கு ஏற்ற சான்று. இவ்வுலோகம் எலும்போடு ஒன்றிவிடும் இயல்பினது என்பதைச் சுவீடன் நாட்டுப் பிரானெமார்க் 1952இல் முயல்களில் கண்டார். 1965இல் மனிதரின் தாடையில் பல் தாங்கும் திருகாகப் பொருத்தினார். அதன் மேற்பரப்பில் உள்ள ஆக்சைடுப் படலம் மீட்டரின் நூறு கோடியில் சில பங்கு கனமே உடையது. நீராவிக் கலனில் அதனை வைக்கும்போது, நீரிலும் துணியிலுமுள்ள நுண்ணிய மாசுகள் அதில் படியக்கூடும். கிருமியற்றது என்னும் சான்று கிடைத்துவிடும். மேற்பரப்போ முன்னைப்போல் நீரை ஏற்காது. மாறாக, புற ஊதாக் கதிரை அதன்மேல் செலுத்தினால் படிந்த கரிமக் கறை நீங்கி, நீர் விரைந்து பரவுவதையும் எலும்புயிரணுக்கள் மிகுதியாக ஒட்டுவதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. இச்செய்தியை மனத்தில் இருத்திச் சிங்கைக்கு வருவோம்.

கொடையைக் காத்த வங்கி

சிங்கையின் மருத்துவக் கல்வி 1905ஆம் ஆண்டில் தொடங்கியது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 1985இல் கென்ட் ரிட்ஜ் பகுதியில் திறக்கப்பட்டது. அங்கே எலும்பு அறுவை மருத்துவர் அசீஸ் நாதரின் முயற்சியால் 1988இல் திசு வங்கி ஒன்று உருவாயிற்று. மனிதர் ஈந்த எலும்பையும், மகப்பேற்றின்போது வெளிவரும் பனிக்குடச் சவ்வையும் பதப்படுத்தி, தேவைப்படுவோர்க்கு அளிப்பது இத்தகைய வங்கிகளின் பணி. இந்திரனின் படைக்கலத்துக்காகத் தம் முதுகெலும்பை ஈந்தார் ததீசி முனிவர் என்பது புராணம். எலும்பை இழந்த எளிய மனிதர்க்கு எளிய மனிதர் ஈவது இந்நூற்றாண்டின் நடைமுறை.

இக்கொடையில் இடர் உண்டு. 1988ஆம் ஆண்டிலேயே, ஒட்டவைத்த எலும்பின் வழியாக எச்ஐவி கிருமி பரவிய நிகழ்ச்சி அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. 2001இல் அந்நாட்டின் மினசோட்டா மாநிலத்தில், முழங்காலில் திசு ஒட்டப்பெற்ற இளைஞர் ஒருவர் அத்திசுவிலிருந்த கிருமியால் உயிரிழந்தார். எனவே தூய்மையில் தளர்ச்சி கூடாது. அனைத்துலக அணுசக்தி அமைப்பு ஆசிய, பசிபிக் நாடுகளில் கதிரியக்கத்தால் திசுவைத் தூய்மை செய்யும் திட்டத்தை வளர்த்தது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையும் 1988இல் தன் திசு வங்கியைத் தொடங்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அவ்வமைப்போடு சேர்ந்து 1997இல் திசு வங்கிப் பட்டயப் படிப்பைத் தொடங்கி, வட்டார நாடுகளின் பணியாளரைப் பயிற்றுவித்தது.

இவ்வங்கிகள் பரவலாகக் கொண்ட கதிரளவு 25 கிலோகிரே. அளவைப் பன்மடங்கு உயர்த்தி ஐயத்துக்கே இடமின்றிச் செய்துவிடலாகாதா என மாணவர் வினவலாம். ஆகாது. கதிரளவு கூடக்கூட எலும்பிலுள்ள கொலாஜன் இழைகள் அறுகின்றன. எலும்பு நொறுங்கும் தன்மையடைகிறது. திசுவில் நீர் இருப்பின், கதிர் அந்நீரைச் சிதைத்து உண்டாக்கும் தனிமூலங்கள் கேட்டை மிகுவிக்கும். ஆதலின் உறைய வைத்து உலர்த்துதல், உலர்பனிக் குளிரில் வைத்துக் கதிரூட்டுதல் ஆகிய முறைகள் கைக்கொள்ளப்பட்டன. திசுவைக் கழுவி முதலிலேயே கிருமித் தொகையைக் குறைத்துவிட்டால் கதிருக்கு வேலை குறையும் என்பதும் பயிற்சியின் பாடமாயிற்று. லிஸ்டர் ஆட்டுக்குடல் இழையில் எதிர்கொண்ட அதே கொலாஜன், அதே இருதலைச் சிக்கல், நூறாண்டு கடந்து சிங்கையின் வாசலுக்கு வந்தது.

எலும்புக்கு ஒரு சாரம்

கொடையெலும்பு கிடைப்பது அரிது. ஆகவே எலும்பு வளர இடந்தரும் செயற்கைப் பொருளை ஆக்க அறிஞர் முற்பட்டனர். கட்டடம் எழுப்புவோர் முதலில் சாரம் கட்டுவர். சுவர் எழுந்தபின் அதனைப் பிரித்துவிடுவர். அதுபோல் உயிரணுக்கள் ஏறிப் படர ஒரு சாரம் வேண்டும். எலும்பு வளர வளர அது கரைந்து மறைய வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்தில் தியோ சுவீ ஹின், டீட்மார் ஹுட்மாக்கர் முதலியோர் 1990களின் பிற்பகுதியிலிருந்து பாலிகேப்ரோலாக்டோன் என்னும் நெகிழியை உருக்கி, அடுக்கடுக்காக இழைத்து, தேன்கூடு போன்ற சாரங்களை உருவாக்கினர். 2003இல் ஆஸ்டியோபோர் என்னும் நிறுவனம் எழுந்தது. 2006இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் இசைவும் கிடைத்தது. மண்டையோட்டில் அறுவைக்காக இட்ட துளைகளை மூட இச்சாரங்கள் பயன்பட்டன.

இந்நெகிழி ஏறத்தாழ 60 பாகையிலேயே உருகிவிடும். 121 பாகை நீராவியில் இட்டால், நுணுக்கமாக இழைத்த சாரம் வெறும் கட்டியாகிவிடும். எரிசாராயத்தில் நனைப்பது ஆய்வுக்கூடத்தில் எளிய வழி. ஆனால் அது கிருமி விதைகளைக் கொல்லாது. காமாக்கதிர் கிருமியைக் கொல்லும். மூலக்கூறுச் சங்கிலியையும் தொடும். அதனால் சாரம் கரையும் காலம் மாறலாம். எலும்பு வளருமுன் சாரம் சரிந்தால் பயன் என்ன? அன்றியும், இந்நெகிழி தாமரை இலையின் இனம்; நீரை எளிதில் ஏற்காதது. உயிரணு ஒட்டுவதற்காகச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து அதன் மேற்பரப்பைப் பக்குவப்படுத்துவதும் உண்டு. இவ்வாறு பக்குவப்படுத்திய பரப்பு, தூய்மை செய்தபின்னும் அவ்வாறே நிற்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

அதே பல்கலைக்கழகத்தில் சீராம் ராமகிருஷ்ணா முதலியோர் தலைமுடியினும் பன்மடங்கு மெல்லிய இழைகளை மின்விசையால் நூற்று, அவற்றின்மேல் உயிரணுக்களை வளர்த்தனர். இத்தகைய இழைகளைப் புற ஊதாக் கதிரால் தூய்மை செய்வது ஆய்வுக்கூடங்களில் பரவிய பழக்கம். வெப்பமில்லை, நஞ்சில்லை, தீங்கும் இல்லை எனப் பலரும் கருதியிருந்தனர். குறுகிய அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் அவ்விழைகளையே சிதைப்பதை 2008இல் அக்குழுவினர் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது. டைட்டேனியத்தின் வாசலைத் திறந்துவிட்ட அதே கதிர், நெகிழி இழையின் தூணை அறுத்தது. ஆகவே இன்ன முறை நல்லது, இன்ன முறை தீயது எனப் பொதுவாகக் கூற இயலாது. எப்பொருளுக்கு எம்முறை, எந்த அளவில் என்று ஆய்ந்தே துணிய வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன இரண்டு. முதலாவது ஆய்வு நெறி பற்றியது. ஒரே பொருளை இருவர் ஆய்ந்து, ஒருவர் உயிரணு ஒட்டியது என்றும் மற்றவர் ஒட்டவில்லை என்றும் கூறுவாராயின், இருவருமே உண்மை உரைத்திருக்கலாம். தூய்மை செய்த முறை வேறுபட்டிருக்கக்கூடும். எனவே பொருளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அது எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது என்பதையும் எழுதியாக வேண்டும். தூய்மை செய்யுமுன் கிடைத்த முடிவை, தூய்மை செய்தபின் நோயாளியின் உடலுக்குள் செல்லும் பொருளுக்கு அப்படியே உரைப்பதும் பிழையாகும்.

இரண்டாவது நம் மொழி பற்றியது. 'கிருமி நீக்கம்' நல்ல தமிழ்ச்சொல், எளிதில் விளங்குவது. ஆயினும் அது செயலின் ஒரு பாதியையே உணர்த்துகிறது. நீக்கப்பட்டதைச் சொல்கிறது, நின்றதைச் சொல்லவில்லை. சொல்லை மாற்ற வேண்டும் என்று கூறவில்லை. அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் மறுபாதியையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். அறிவியலைத் தமிழில் பயில்வதன் பயன், சொல்லை மனனம் செய்வதோடு முடிவதன்று. அச்சொல் எதனைக் கூறாமல் விட்டது என்று கேட்கத் துணிவதிலும் உள்ளது.

ஒருவர் ஈந்த எலும்பு மற்றொருவர் உடலில் சென்று சேர்வதற்கு இரு வாசல்களைக் கடக்க வேண்டும். கிருமியற்றது என்னும் சான்று முதல் வாசல். அங்கே காவல் நிற்பவர் மருத்துவர். உயிரணுவின் ஏற்பு இரண்டாம் வாசல். அங்கே எந்தச் சான்றிதழும் செல்லாது. முதல் வாசலைக் கடக்கச் செய்யும் அவசரத்தில் இரண்டாம் வாசலை அடைத்துவிட்டால், கொடுத்தவரின் கொடையும் பெற்றவரின் நம்பிக்கையும் ஒருங்கே வீணாகும். அவ்விரண்டையும் காப்பதே இத்துறையில் உழைப்போரின் கடமை. அதனை உணர்ந்து கற்பதும் கற்பிப்பதும் நம் கடமையாகும்.